ஜாக்கி யாரிடம் இருக்கிறது? வெள்ளிமலை வளைவிலிருந்து செவ்வாய் வரை ஒரு கணினிக் கதை

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மேலே ஏறினால் கல்வராயன் மலை ஆரம்பம். வளைந்து நெளிந்து போகும் அந்தச் சாலையில் பெரியார் அருவியைக் கடந்து போனால் வெள்ளிமலை. விடுமுறை நாள் என்றால் காலையிலிருந்தே பைக்குகள் வரிசை கட்டிவிடும். ஏறும்போது எல்லோரும் பதவிசாகத்தான் ஏறுவார்கள். சோதனையெல்லாம் சாயங்காலம் இறங்கும்போதுதான்.

மழை விட்ட நேரம், சாலையில் ஈரச் சருகு, வளைவைத் தாண்டியதும் நடு ரோட்டில் ஒரு மாடு. ஓட்டுபவர் பதறிப்போய் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறார். பழைய பைக்காக இருந்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும், வண்டி சறுக்கும், அப்புறம் நடப்பது விதி விட்ட வழி. ஏபிஎஸ் உள்ள பைக்கில் வேறு மாதிரி நடக்கிறது. சக்கரத்தின் வேகத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கிறது. சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்த கணத்தில், ஒரு குட்டிக் கணினி பிரேக் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. உடனே மறுபடி இறுக்குகிறது. மறுபடி தளர்த்துகிறது. ஒரே விநாடிக்குள் இப்படிப் பல முறை. ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம் பிரேக் பிடியில் ஒரு சின்ன அதிர்வு மட்டும்தான்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது மலைப்பாதையில்கூடப் பெரிய வேகம் இல்லை. ஆனால் அந்த வேகத்தில் பைக் விநாடிக்கு 10 மீட்டர் நகர்ந்துவிடும். பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதித்தால் 1 மீட்டர் போச்சு. மாட்டுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே இருந்ததே அந்த ஒரு மீட்டராக இருந்தால்?

இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம். புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் இந்த விதி வந்தது. ஆக, வெள்ளிமலைக்கு ஏறி இறங்கும் பைக்குகளில் பலவற்றின் உள்ளே, ஓட்டுபவருக்கே தெரியாமல் ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. இப்படி ஒரு பொருளுக்குள் பொதிந்து கிடக்கும் கணினியைத்தான் உட்பொதி கணினி என்கிறார்கள். வாஷிங் மெஷினிலும், மின்சார மீட்டரிலும், லிஃப்ட்டிலும் இருப்பது இந்த ஜாதிதான். இவற்றில் நேரம் தவறவே கூடாத வேலைகளைக் கட்டி மேய்க்கும் மென்பொருளுக்குப் பெயர் நிகழ்நேர இயங்குதளம். பொறியாளர்கள் சுருக்கமாக ஆர்டிஓஎஸ் என்பார்கள்.

பந்தி முடிந்தபின் வந்த பாயசம்

நிகழ்நேரம் என்றதும் 'ரொம்ப வேகமாக வேலை செய்யும்போல' என்று தோன்றும். அங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள்.

மலைக்குப் போகும் பேருந்தை நம்பி வாழ்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு பேருந்து சில நாள் பறந்துகொண்டு வருகிறது, சில நாள் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறது. இன்னொன்று மெதுவாகத்தான் போகும். ஆனால், சொன்ன நேரத்துக்குத் தினமும் நிற்கும். பரீட்சைக்குப் போகிற பிள்ளையை எதில் ஏற்றிவிடுவார்கள்? இரண்டாவதில்தான். நிகழ்நேரக் கணினி அந்த இரண்டாவது பேருந்து. 'சராசரியாக எவ்வளவு வேகம்' என்ற கேள்வியே அங்கே கிடையாது. 'மிக மோசமான நாளில்கூட எவ்வளவு நேரத்துக்குள் முடிப்பாய்' என்பதுதான் கேள்வி.

வாட்ஸ்அப் வீடியோ காலில் படம் ஒரு விநாடி உறைந்துபோனால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். காரின் ஏர்பேக் கதை அப்படியில்லை. மோதல் தொடங்கிய சில பத்து மில்லி விநாடிகளுக்குள் அது விரிந்து முடிந்திருக்க வேண்டும். ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தாமதமாக விரிந்தால் அது காப்பாற்றாது, ஏற்கெனவே முன்னால் வந்துவிட்ட முகத்தில் அறையும். பந்தி முடிந்தபின் வந்த பாயசத்தையாவது குடித்துவிடலாம், இதை என்ன செய்வது? விடை சரியாக இருந்தும், நேரம் தவறினால் அது தப்பான விடைதான்.

இதயத்துக்குப் பொருத்தும் பேஸ்மேக்கரும் இப்படித்தான். குறைந்தது நிமிடத்துக்கு 60 துடிப்பு என்று மருத்துவர் அமைத்திருந்தால், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அது ஒரு விநாடி காத்திருக்கும். அதற்குள் இதயம் தானாகத் துடித்தால் பேசாமல் இருக்கும். இல்லாவிட்டால் மெல்லிய மின்துடிப்பை அனுப்பும். இரவும் பகலும், பல வருடங்களுக்கு, இதே வேலை.

நேரம் பிசகினால் எவ்வளவு விபரீதமாகும் என்பதற்கு வளைகுடாப் போரில் ஓர் உதாரணம் உண்டு. 1991 பிப்ரவரி 25. சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்று 100 மணி நேரத்துக்கும் மேலாக அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கணினி, நேரத்தை பத்தில் ஒரு விநாடி கணக்கில் எண்ணியது. கணினியின் இரும எண் முறையில் பத்தில் ஒன்று என்ற எண்ணை முழுதாக எழுத முடியாது. எங்கோ ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். அப்படி வெட்டுப்பட்ட துளிகள் சேர்ந்து சேர்ந்து, 100 மணி நேரத்தில் சுமார் 0.34 விநாடிப் பிழையாகிவிட்டன. அதற்குள் எதிரி ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ராடார் தவறான இடத்தில் தேடியது. ஏவுகணை ராணுவக் குடியிருப்பின் மீது விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். திருத்தப்பட்ட மென்பொருள் அங்கே வந்து சேர்ந்தது மறுநாள்.

ஒரு மெக்கானிக், ஒரு ஜாக்கி

நம் கைபேசியின் ஆண்ட்ராய்டு போன்ற சாதாரண இயங்குதளம், கூட்டுக்குடும்பத்து அம்மா மாதிரி. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பரிமாறி, யாரும் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ளும். நிகழ்நேர இயங்குதளத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுக்கப்பட்டிருக்கும். உயர்ந்த வேலை வந்துவிட்டால், கையில் இருக்கும் தாழ்ந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

இந்தக் கண்டிப்பு 1969 ஜூலை 20 அன்றே மனிதரைக் காப்பாற்றியிருக்கிறது. அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது 1202 என்று எச்சரிக்கை எண் மின்னியது. அந்த நேரத்தில் தேவைப்படாத ஒரு ராடாரிலிருந்து வந்த தொல்லையால் கணினிக்கு வேலை மிதமிஞ்சிப் போயிருந்தது. அது தன்னைத்தானே மறுதொடக்கம் செய்து, முக்கியமில்லாத வேலைகளை உதறிவிட்டு, தரையிறக்கும் வேலையை மட்டும் விடாமல் தொடர்ந்தது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் பத்திரமாக இறங்கினார்கள்.

முன்னுரிமை போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால், அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மலையடிவாரத்தில் ஒரு வண்டி பழுதுபார்க்கும் கடையைக் கற்பனை செய்துகொள்ளலாம். கடையில் ஒரே மெக்கானிக். அவரிடம் ஒரே ஒரு ஜாக்கி. கடையின் விதி: ஆம்புலன்ஸ் வந்தால் அதற்கு முதலிடம். அடுத்து சுற்றுலா வரும் பைக்குகள். கடைசி இடம், அவசரமே இல்லாத மரவள்ளிக் கிழங்கு டிரெய்லருக்கு.

காலையில் டிரெய்லர்தான் வந்தது. அதை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றியாகிவிட்டது. அந்த நேரம் பஞ்சராகி ஓர் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. அதற்கும் ஜாக்கி வேண்டும். சக்கரம் இல்லாத டிரெய்லரைப் பாதியில் இறக்க முடியுமா? முடியாது. 'அஞ்சு நிமிஷம் பொறுங்க, இதை மாட்டிட்டு ஜாக்கியை எடுத்துத் தந்துடறேன்' என்று மெக்கானிக் டிரெய்லர் பக்கம் திரும்புகிறார். இதுவரை தப்பே இல்லை.

அப்போது ஒரு பைக் வருகிறது. செயின் கழன்றிருக்கிறது, ஜாக்கி தேவையில்லை. கடை விதிப்படி டிரெய்லரைவிட பைக்குக்கு உரிமை அதிகம். மெக்கானிக் டிரெய்லரை விட்டுவிட்டு பைக்கைப் பார்க்கிறார். அது முடிவதற்குள் இன்னொரு பைக். அப்புறம் மூன்றாவது. டிரெய்லர் வேலை நகரவே இல்லை, அதனால் ஜாக்கி விடுபடவில்லை, அதனால் ஆம்புலன்ஸ் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒருவரும் விதியை மீறவில்லை. ஆனாலும் ஊரிலேயே அவசரமான வண்டி, செயின் கழன்ற பைக்குகளுக்குப் பின்னால் காத்துக்கிடக்கிறது.

மெக்கானிக் என்பதற்குப் பதில் கணினியின் சிப் என்றும், ஜாக்கி என்பதற்குப் பதில் பல வேலைகளும் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு பொருள் என்றும் வைத்துக்கொண்டால் போதும். முன்னுரிமை தலைகீழாவது என்று கணினியாளர்கள் சொல்லும் சிக்கல் இதுதான்.

செவ்வாயில் மாட்டிக்கொண்ட ஜாக்கி

1997 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் நாசா அனுப்பிய பாத்ஃபைண்டர் விண்கலம், காற்றுப் பைகளால் தன்னைச் சுற்றிக்கொண்டு பந்துபோலக் குதித்துக் குதித்து செவ்வாயில் இறங்கியது. அதற்குள்ளிருந்து சோஜர்னர் என்ற குட்டி வண்டி உருண்டு வந்தது. உலகமே படங்களை ரசித்துக்கொண்டிருந்த சில நாட்களில், கலத்தின் கணினி திடீர் திடீரென்று தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைக்கு மீதமிருந்த வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின.

அதில் இருந்தது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம். கலத்தின் கருவிகளுக்கு இடையே தகவல் போய்வரும் பாதையை நிர்வகிக்கும் வேலைக்கு அதில் மிக உயர்ந்த முன்னுரிமை. ஒவ்வொரு சுற்றும் விநாடியில் எட்டில் ஒரு பங்குக்குள் முடிந்தாக வேண்டும். வானிலைத் தகவல் சேகரிக்கும் வேலைக்குத் தாழ்ந்த முன்னுரிமை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பூட்டு இருந்தது, அதுதான் நம் ஜாக்கி. வானிலை வேலை பூட்டைக் கையில் வைத்திருந்த நேரம் பார்த்து, நடுத்தர முன்னுரிமையுள்ள மற்ற வேலைகள் குறுக்கே புகுந்தன. பாதையை நிர்வகிக்கும் வேலை பூட்டுக்காகக் காத்தே கிடந்தது. அடுத்த சுற்று தொடங்கும்போது, முந்தைய சுற்று முடிந்ததா என்று கணினி தன்னைச் சோதித்தது. முடியவில்லை. 'ஏதோ பெரிய கோளாறு' என்று முடிவெடுத்து எல்லாவற்றையும் அணைத்துத் திரும்பத் தொடங்கியது.

இதே கோளாறு கலம் செவ்வாயில் இறங்குவதற்கு முன்பே சோதனைக்கூடத்தில் தலைகாட்டியிருந்தது என்பதுதான் வேடிக்கை. திரும்ப வரவழைத்துப் பார்க்க முயன்றபோது வரவில்லை. எப்போதாவது ஒரு தடவை மட்டும் வரும் கோளாறைப் பிடிப்பதுதான் இந்தத் துறையிலேயே மகா கஷ்டம். டாக்டரிடம் போனதும் நின்றுவிடும் குழந்தையின் இருமல் மாதிரி.

பூமியில் வைத்திருந்த அதே மாதிரிக் கணினியில் பொறியாளர்கள் சிக்கலை மறுபடி வரவழைத்தார்கள். காரணம் பிடிபட்டது. தீர்வு ஏற்கெனவே விஎக்ஸ்வொர்க்ஸுக்குள்ளேயே இருந்தது. குறிப்பிட்ட அந்தப் பூட்டுக்கு மட்டும் அதை இயக்காமல் விட்டிருந்தார்கள். ஏறத்தாழ 19 கோடி கிலோமீட்டர் தள்ளியிருந்த கலத்துக்கு ஒரு சிறிய திருத்தம் அனுப்பப்பட்டது. மறுதொடக்கம் நின்றது. 30 நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்ட கலம், செப்டம்பர் 27 வரை பேசிக்கொண்டிருந்தது.

அந்தத் தீர்வு என்ன? நம் கடைக்கே திரும்பலாம். 'ஆம்புலன்ஸுக்குத் தேவையான ஜாக்கி எந்த வண்டியிடம் இருக்கிறதோ, ஜாக்கியை விடும்வரை அந்த வண்டியையே ஆம்புலன்ஸாக நினைத்துக்கொள்.' அவ்வளவுதான். அந்தச் சில நிமிடம் கிழங்கு டிரெய்லருக்கு ஆம்புலன்ஸின் மரியாதை கிடைக்கும். எந்த பைக்கும் குறுக்கே வர முடியாது. சக்கரம் மாட்டியதும் ஜாக்கி ஆம்புலன்ஸுக்குப் போகும், டிரெய்லர் பழையபடி கடைசி வரிசைக்குப் போகும். இதற்கு முன்னுரிமை வாரிசு முறை என்று பெயர்.

கோவை மாணவரும் செவ்வாய்க் கிரகமும்

இந்த முறையைக் கணித நிரூபணத்தோடு விளக்கிய ஆய்வுக் கட்டுரை 1990 செப்டம்பரில் வெளியானது. எழுதியவர்கள் மூன்று பேர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாஸ்கி. நடுவில் இருக்கும் பெயர் நம்ம ஊர்ப் பெயராகத் தெரிகிறதே என்றால், நம்ம ஊர்தான். ராஜ்குமார், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் 1984-ல் பொறியியல் பட்டம் பெற்றவர். அங்கிருந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1989-ல் முனைவர் பட்டம் முடித்தார். பின்னாளில் அங்கேயே பேராசிரியரானார்.

மூவரும் அந்தக் கட்டுரையை எழுதியபோது பாத்ஃபைண்டர் என்ற பெயரே கிடையாது. பூட்டு, வரிசை, காத்திருப்பு நேரத்தின் உச்சவரம்பு என்று முழுக்க முழுக்கக் கணக்கு. 1997 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்நேரக் கணினிகள் பற்றிய மாநாடு நடந்தது. விஎக்ஸ்வொர்க்ஸை உருவாக்கிய நிறுவனத்தின் டேவிட் வில்னர், செவ்வாயில் நடந்த கதையை மேடையில் சொல்லி, தீர்வு எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்றும் குறிப்பிட்டார். அதை எழுதிய மூவரும் அதே அரங்கில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தின் வற்புறுத்தலில் மூவரும் எழுந்து நின்றார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு நாள் அமைவது அபூர்வம்.

ராஜ்குமார் அதன்பின் ஓட்டுநர் இல்லாத கார்களின் பக்கம் போனார். அவர் தொடங்கிய ஆட்டோமேட்டிகா நிறுவனத்தை 2015-ல் டெல்ஃபி என்ற வாகன உதிரிபாக நிறுவனம் வாங்கியது. தானாக ஓடும் கார் என்பது சக்கரம் வைத்த நிகழ்நேரக் கணினிதானே!

யாரையும் கேட்க நேரமில்லை

இந்தக் கணினிகள் ஏன் அந்தந்தப் பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும்? இப்போதுதான் எல்லாம் கிளவுட் எனப்படும் மேகக் கணினிக்குப் போய்விட்டதே என்று கேட்கலாம். கல்வராயன் மலையில் மேகம் என்ற பெயரில் ஓர் அருவியே இருக்கிறது. ஆனால், வளைவில் மாட்டைப் பார்த்த பைக்குக்கு மேகக் கணினியால் பிரயோசனமில்லை. மலை மறைக்கும் இடங்களில் சிக்னல் இருக்காது, இருந்தாலும் கேட்டுப் பதில் வரும்வரை பைக் நிற்காது.

நிலவில் இறங்கும் கலத்துக்கும் இதே நிலைமைதான். விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு நிலவில் இறங்கியது. (2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை வெள்ளிமலையும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது.) சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் இறக்கம் தொடங்கியபோது, விக்ரம் லேண்டரின் வேகம் விநாடிக்கு 1.68 கிலோமீட்டர். நிலவிலிருந்து ஒரு கேள்வி பூமிக்கு வந்து பதில் போய்ச்சேர இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் லேண்டர் 4 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஆகவே சுமார் 19 நிமிட இறக்கத்தில் உயரம் பார்ப்பது, வேகம் குறைப்பது, பள்ளம் இல்லாத இடம் தேடுவது எல்லாவற்றையும் அதற்குள் இருந்த கணினியே முடிவு செய்தது. பெங்களூரில் இருந்தவர்கள் நம்மைப் போலவே திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் கைபேசியிலும் ஒன்று ஒளிந்திருக்கிறது. மேலே தெரிவது ஆண்ட்ராய்டோ ஐஃபோனோ, எதுவாக இருந்தாலும், கோபுரத்தோடு பேசும் மோடம் சிப்புக்குள் ஓடுவது தனியான ஒரு நிகழ்நேர இயங்குதளம். 4ஜி-யில் கோபுரம் அனுப்பிய தகவல் துண்டு வந்து சேர்ந்ததா இல்லையா என்று சரியாக 4 மில்லி விநாடி கழித்துப் பதில் சொல்ல வேண்டும். மேலே ஆண்ட்ராய்டு திக்கித் திணறி நின்றாலும் கீழே அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும்.

வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை இருந்தால், புராஜெக்ட்டுக்காக வாங்கிய சில நூறு ரூபாய் இஎஸ்பி32 போர்டு மேஜையில் கிடக்கலாம். அதில் ஓடுவது ஃப்ரீஆர்டிஓஎஸ். ரிச்சர்ட் பாரி என்ற பொறியாளர் 2003-ல் உருவாக்கி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டது. முன்னுரிமை வாரிசு முறை அதிலும் இருக்கிறது. ஜாக்கிக் கதையை அந்தப் பிள்ளையே ஒரு மாலை நேரத்தில் மூன்று எல்இடி விளக்குகளை வைத்து வீட்டில் எல்லோருக்கும் செய்துகாட்ட முடியும்.

சரி, பைக்குக்கு வருவோம். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏபிஎஸ் என்று ஒரு மஞ்சள் விளக்கு எரியும். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைந்துவிடும். சக்கரத்திலிருந்து கணக்கு ஒழுங்காக வருகிறது என்று குட்டிக் கணினி தன்னைச் சோதித்துத் திருப்தியடைந்துவிட்டது என்று அர்த்தம். ஓடும்போதும் அது எரிந்துகொண்டே இருந்தால், சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் வேலை செய்யாது. சென்சாரில் சேறு அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். இன்னொன்று, பல பைக்குகளில் இருப்பது சிங்கிள் சேனல் ஏபிஎஸ், அதாவது முன்சக்கரத்துக்கு மட்டும். பின்சக்கரம் பழைய காலத்து மாதிரியே பூட்டிக்கொள்ளும். வாங்கும்போது ஷோரூமில் கேட்டுக்கொள்ளலாம், வெள்ளிமலையிலிருந்து இறங்கத் தொடங்கும் முன் அந்த மஞ்சள் விளக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.